அது வெள்ளித் தட்டு அல்ல

அன்புள்ள மகனுக்கு,

தேரடிக் கூட்டத்தன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "இல்லை, அவளாக எடுக்கவில்லை" என்று நான் சொல்லவில்லை. நீ மேடையில் நின்றாய். கீழே பெண்கள் பக்கத்தில் எனக்கு வலப்புறம் உன் அம்மா, இடப்புறம் நம் தெருக் கோமதி. உன் அம்மாவைப் பற்றி நீ பேசி முடித்ததும் கூட்டம் கை தட்டியது. கை தட்டல் ஓயுமுன் கோமதி என் பக்கம் சாய்ந்து, "சின்னக்கா, நெசந்தானா? பெரியக்கா தானாத்தான் தாலித் தட்டை எடுத்துக் குடுத்தாவளா?" என்று கேட்டாள். எனக்கு வாய் திறக்கவில்லை. மடியில் கிடந்த விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் நீ கொண்டுபோன தாளில் கைநாட்டு வைத்தாள்.

இதை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் வீட்டுச் சங்கதியை நீ ஒலிபெருக்கியில் பேசினாய். பதிலை மட்டும் ஒட்டி மறைத்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் நீயும் நானும் படிக்கும் பத்திரிகைக்கே அனுப்புகிறேன், பெயர் போடாமல். உன் அம்மாவிடம் கேட்டுத்தான் செய்கிறேன். "பத்திரிகைக்கு எழுதட்டுமா அக்கா?" என்றேன். "எழுதேன். எம் பேரு வேண்டாம், ஒம் பேரும் வேண்டாம். பேரு போட்டு நோட்டீஸ் ஒட்டுத வேலையைத்தான் ஆம்பிளைய பாக்காவளே" என்றாள். கோமதி என்பதும் அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. நம் ஊரில் தெருவுக்கு ஏழெட்டுக் கோமதி இருக்கிறார்கள். யாரும் ஒருத்தியைச் சுட்டிக் காட்ட முடியாது என்று அந்தப் பெயரை வைத்துக்கொண்டேன்.

மகன் என்று உன்னை எழுதுகிறேன். எனக்கு முப்பத்தொன்று, உனக்கு இருபத்தொன்று. நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது நீ ஆறு வயதுப் பிள்ளை. அதற்கு முன் நீ என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாய் என்று ஞாபகம் இருக்கிறதா? மதினி என்றாய். சரியாகத்தான் கூப்பிட்டாய். உன் அப்பாவின் அக்காள் மகள் நான், உனக்கு மதினி. லீவுக்கு வந்தால் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தெப்பக்குளத்துக்குப் போய்ப் பொரி வாங்கிப் போடுவேன், நாம் இருவரும் மீன் பார்ப்போம். ஒரு வைகாசியில் மதினி சித்தி ஆகிவிட்டாள். உனக்கு அது விளங்கவில்லை. கலியாணம் முடிந்து ஒரு மாதம் வரை மதினி, மதினி என்றே கூப்பிட்டுக்கொண்டு என் பின்னால் வந்தாய். உன் தாத்தா, "ஏலே, சித்தின்னு சொல்லு" என்று தொடையில் ஓர் அடி வைத்தார். அழுதுகொண்டே "சித்தி" என்றாய். அந்த அழுகையில்தான் நான் உனக்குத் தாய் ஆனேன்.

இது எப்படி நடந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு சொல்லைத்தான் சொன்னார்கள். உரிமை. என் அம்மா தன் தம்பியிடம், "எம் பிள்ளை ஒனக்கு உரிமைப் பொண்ணு. அசல்ல போய்க் கட்டிக்கிட்டே, நான் ஒண்ணும் சொல்லல. அதுக்காக உரிமை அத்துப் போச்சா?" என்று கேட்டாள். உன் தாத்தாவும் அதையே கேட்டார். உன் அப்பாவுக்கு என்மேல் உரிமை, என் அம்மாவுக்குத் தம்பிமேல் உரிமை, தாத்தாவுக்கு எல்லார்மேலும் உரிமை. பதினாறு வயதில் எனக்கு அந்தச் சொல் சணல் கயிறு மாதிரி இருந்தது. ஒரு முனை யார் கையிலோ இருக்கும், மறுமுனையில் நான் இருப்பேன். உன் அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. உரிமை இருக்கும்போது ஆசைப்பட வேண்டிய அவசியம்கூட அவருக்கு இருக்கவில்லை.

பிறகு புத்தகங்கள் படிக்கத் தொடங்கினேன். வாசகசாலையிலிருந்து நீ எடுத்து வந்ததையெல்லாம் நீ முடிப்பதற்குள் நான் முடித்துவிடுவேன், உனக்குத் தெரியும். அவற்றில் அதே சொல் வேறு உடுப்பில் வந்தது. மனிதனாகப் பிறந்த ஒவ்வொருவருக்கும் உரிமை. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, மறைக்கவில்லை. கயிற்றின் முனை என் கைக்கும் வரப்போகிறது என்று நம்பினேன். அதனால் நான் உரிமைக்கு விரோதி என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதே. அந்தச் சொல்லை உங்கள் மேடைகள் என்ன செய்தன என்பதில்தான் என் கோபம்.

நம் தேரடியில் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு கூட்டம் நடந்தது. மனைவி இருக்க இன்னொருத்தியைக் கட்டக் கூடாது என்று சட்டம் வரப்போகிறது என்று பேச்சு. முதல் கூட்டம் உங்களுக்கு எதிரான அந்தக் கட்சியுடையது. கட்சியின் மேலிடம் என்ன சொல்லியதோ தெரியாது, நம் ஊரில் வந்து பேசியவர் பேசியதைச் சொல்கிறேன். "ஒருவன் தன் வீட்டுக்குள் எத்தனை விளக்கு ஏற்றுகிறான் என்பது அவனுடைய சொந்த உரிமை. அதைச் சர்க்கார் வந்து எண்ணக் கூடாது" என்றார். பின்னாலிருந்து யாரோ ஒரு நெசவாளி, "அண்ணாச்சி, மண்ணெண்ணெய் ரேஷன்ல ஒரு விளக்குக்கே காணாது, ரெண்டாவதுக்கு யாரு ஊத்துவா?" என்று சத்தம் போட்டான். கூட்டமே சிரித்தது. பேசியவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தபின்தான் விளக்கு என்று அவர் சொன்னது என்னையும் உன் அம்மாவையும் என்று உறைத்தது.

அந்தக் கூட்டம் முடிந்து நீ வீட்டுக்கு வந்து எரிந்து விழுந்தாய். "பொம்பிளையை விளக்குங்கான் சித்தி, பண்டம் பாத்திரம் மாதிரி பேசுதான்" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. உங்கள் கட்சிக் கூட்டத்தில் இதற்குப் பதில் சொல்லப்போவது நீதான் என்றதும், கழுத்துப் பொத்தான் அறுந்திருந்த உன் சட்டையை எடுத்து நானே தைத்துக் கொடுத்தேன். என்ன பதில் என்று நீ சொல்லவில்லை. கோமதியின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கோமதியின் புருஷன் வத்தல் மண்டி அண்ணாச்சி, உங்கள் கட்சியின் ஊர்ச் செயலாளர். இரண்டு பெண் பிள்ளைகள். ஆண் பிள்ளை வேண்டும் என்று இன்னொரு இடத்தில் பெண் பேசி வைத்துவிட்டார். சட்டம் வருவதற்குள் முடித்துவிட அவசரம். ஆனால் பெண்ணுக்காகப் பேசும் கட்சியின் செயலாளர் பெண்டாட்டியை மீறி இரண்டாம் கலியாணம் செய்தால் ஊர் சிரிக்கும். அதனால் கோமதி தானாகச் சம்மதிக்க வேண்டும், எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் இரண்டு மாதமாக மாட்டேன் என்று நின்றாள். மாட்டேன் என்றும் உரக்கச் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்பாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நீ மேடை ஏறினாய். மறக்க முடியாத பேச்சு. "அவர்கள் ஆணின் உரிமை என்கிறார்கள், நாங்கள் பெண்ணின் உரிமை என்கிறோம்" என்று தொடங்கினாய். மனைவியின் சம்மதம் இல்லாமல் ஒருவன் இன்னொரு கலியாணம் செய்தால் அது குற்றம் என்றாய். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வாக்கியம் வந்தது. "ஆனால் அவளே மனமுவந்து சம்மதித்தால்? சம்மதிப்பது அவளுடைய உரிமை. அந்த உரிமையைப் பறிக்கச் சட்டம் யார்?" என்றாய். கை தட்டினார்கள். முன்வரிசையில் மண்டி அண்ணாச்சி முதலில் தட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் வீட்டையே சொல்கிறேன். என் சிற்றன்னையின் கழுத்தில் ஏறிய தாலியை வெள்ளித் தட்டில் வைத்து, தன் கையால் எடுத்துக் கொடுத்தவள் என்னைப் பெற்ற தாய். அந்தப் பெருந்தன்மைக்கு எந்தச் சட்டம் ஈடாகும்?" என்றாய்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். எழுந்து என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. உன் அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, இரு. புள்ளை பேசுதான்" என்றாள். பிடித்த பிடியை விடவில்லை. அப்போதுதான் கோமதி கேட்டாள்.

கூட்டம் கலைந்து வடக்கு ரத வீதி வழியாக நடந்து வந்தோம். கோவில் மதில் திரும்பும் இடத்தில் உன் அம்மா, "வெள்ளித் தட்டாம்லா" என்றாள். "பித்தளைட்டி அது. விளிம்புல ஒரு நசுக்கு உண்டு. இன்னைக்கும் அதுலதான் வடகம் காயப் போடுதோம்" என்றாள். கொஞ்சம் நடந்தபின், "ஆனா நல்லாத்தான் பேசுதான், என்ன?" என்று கேட்டாள்.

தட்டு எப்படி எடுக்கப்பட்டது என்பதை இப்போது சொல்கிறேன், கேள். கலியாணத்தன்று காலையில் நான் தலையில் பூச்சூடி உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையில் உன் தாத்தா உன் அம்மாவோடு பேசினார். குரலை உயர்த்தவில்லை, அவர் குரலை உயர்த்தியதே இல்லை. "தட்டை நீ எடுத்தாத்தான் ஊரு வாயை மூடும். எடுக்க மனசில்லேன்னா சொல்லு, இளையரசனேந்தலுக்கு, ஒங்க அப்பன் வீட்டுக்கே வண்டி கட்டச் சொல்லுதேன். மரியாதையாப் போய் இரு. புள்ளை இங்கன இருப்பான்" என்றார். பிறகு உன் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் ஊட்டாம அவன் திங்க மாட்டானே மாமா?" அவள் தட்டை எடுத்தாள். சபையில் ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டினாள். எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் குனிந்த தலையோடு அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பெருந்தன்மை என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். உன்னை விட்டுப் போக முடியாததால் எடுத்தாள் மகனே. அவளுக்கு இருந்த சம்மதம் அவ்வளவுதான்.

இதை நீ எப்படி அறிந்திருப்பாய்? அறியவிடாமல் செய்தவள் நான். உனக்குப் பதினொரு வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் எவனோ உன்னைப் பார்த்து, "ஒங்க அம்மா மூத்தாளா எளையாளா?" என்று கேலி செய்திருக்கிறான். வந்து என் கையால் சோறு வாங்க மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டாய். எனக்குப் பயம் வந்துவிட்டது. எனக்குப் பிள்ளை இல்லை. உன்னையும் இழந்தால் அந்த வீட்டில் எனக்கு யார்? உன்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒங்க அம்மாதான்லே என்னைக் கூட்டியாந்தா. ஆசையாத் தட்டை அவளே எடுத்துக் குடுத்தா, தெரியுமா?" என்றேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டாய். அடுப்பங்கரையில் உன் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுக்கவில்லை, உன் வயிறு நிறைகிறது என்று விட்டுவிட்டாள். நீ மேடையில் சொன்ன கதை என் கதை. பித்தளையை வெள்ளி ஆக்கியதுதான் உன் பங்கு.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும், நீ துள்ளிக்கொண்டு வந்தாய். "சித்தி, கோமதி மதினி கைநாட்டு வச்சாச்சு. யாரும் கட்டாயப்படுத்தல. ஒங்களுக்கு மறுக்க உரிமை இருக்குன்னு நான் மூணு தரம் சொன்னேன், மூணு தரமும் கேட்டுட்டுத்தான் வச்சாவ" என்றாய். உன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் உன்னைத் திட்டியிருப்பேன். நீ நியாயம் செய்துவிட்டதாக நம்பி, பசிக்கிறது என்று இட்லி கேட்டாய். நான் இட்லி வைத்தேன். உன் அப்பா பருத்திக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சட்டம் வருதாம்லா? நல்ல வேளை, நான் முந்திக்கிட்டேன்" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். உன் அம்மா சட்னியைக் கொஞ்சம் பலமாக வைத்தாள், கரண்டி தட்டில் மோதியது. நம் வீட்டில் அன்று எழுந்த மறுப்பு அந்தச் சத்தம் ஒன்றுதான்.

மகனே, உன் கட்சியும் அந்தக் கட்சியும் சண்டை போட்டுக்கொள்வதாக ஊர் நினைக்கிறது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் இரண்டும் ஒரே பேச்சு. ஒருத்தி உயிரோடு கண் முன்னால் இருக்கும்போது அவள் இடத்தில் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைப்பது சரியா தப்பா? கேட்கவேண்டியது அதுதான். இரண்டு மேடையிலும் அதை ஒருவரும் கேட்கவில்லை. சரி என்றால் பெண்கள் முகம் சுளிப்பார்கள், தப்பு என்றால் முன்வரிசையில் இருக்கும் மண்டிக்காரர்கள் எழுந்து போவார்கள். அதனால் அந்தக் கேள்வியை மெதுவாகத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, யாருடைய உரிமை என்று வேறு ஒன்றைக் கேட்டீர்கள். அவர்கள் புருஷனுடையது என்றார்கள், நீ பெண்டாட்டியுடையது என்றாய். தப்பு செய்யப்போகிறவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உன் வழியில் அவனுக்கு இன்னும் வசதி. முதல் கட்சி அவனுக்கு அனுமதி மட்டும்தான் கொடுத்தது. நீ அவன் செய்வதை அவள் தலையில் ஏற்றிவிட்டாய். இனி யார் கேட்டாலும், "அவளே சம்மதிச்சா" என்று சொல்லி அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளலாம்.

உரிமை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். பேருந்தில் யார் வேண்டுமானாலும் ஏறலாம், பொதுக் கிணற்றில் யார் வேண்டுமானாலும் இறைக்கலாம், காப்பிக் கடையில் யாரும் டம்ளர் கேட்கலாம் என்கிறீர்கள். கேட்டவன் அடிபட்டால், "உரிமை கொடுத்தோமே, அவன்தான் அதைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதவன்" என்கிறீர்கள். அடித்தவனிடம் போய், "ஏன்யா அடித்தாய், இது அநியாயம்" என்று சொல்ல எந்த மேடைக்கும் வாய் வரவில்லை. அவனுக்கும் ஓட்டு இருக்கிறதே. கஷ்டப்படுகிறவனே வழக்கும் போட்டு, சாட்சியும் சொல்லி, மேடையும் ஏற வேண்டும். மற்றவர்களெல்லாம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இதை எழுதும்போது எனக்கு வார்த்தை கொட்டுகிறது. கூட்டத்தில் கொட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கைநாட்டு வாங்கிய பத்தாம் நாள் மண்டி அண்ணாச்சிக்குக் கலியாணம் நடந்தது. தட்டைக் கோமதிதான் எடுத்தாள், அது நிஜமாகவே வெள்ளி. நீ சென்னைக்குப் போனது அதற்கு அடுத்த வாரம். கட்சிப் பத்திரிகையில் வேலை கிடைத்தது அந்தப் பேச்சினால்தான் என்று எழுதியிருந்தாய். இங்கே அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. இரண்டு மாதம் கோமதி அதே வீட்டில் இருந்தாள். பிறகு, புதிதாக வந்தவளின் அண்ணன்மார் ஏதோ பேச, "கொஞ்ச நாள் ஒங்க தம்பி வீட்ல இருந்துட்டு வா" என்று ராயகிரிக்கு அனுப்பினார்கள். பெண் பிள்ளைகளை அனுப்பவில்லை. ஏன் என்று நம் தெருப் பெண்கள் கேட்டதற்கு மண்டி அண்ணாச்சி, "அவளாத்தான் போறா. போகக் கூடாதுன்னு சொல்ல நான் யாரு? அது அவ உரிமை" என்றாராம். நீ கற்றுக்கொடுத்த சொல், அச்சுப் பிசகாமல் சொல்லியிருக்கிறார்.

பஸ்ஸில் ஏற்றிவிட நான் போனேன். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய். கோமதி அழவில்லை. பஸ்ஸுக்கு வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஒங்க மகன் நல்ல பையன் சின்னக்கா" என்றாள். "மூணு தரம் கேட்டான். ஒங்களுக்கு உரிமை இருக்கு மதினி, உரிமை இருக்கு மதினின்னான். மாட்டேன்னா நீ எங்க போவே, புள்ளைய யாரு கையில இருக்கும்னு ஒரு தரம் கேட்டிருக்கலாம்." பிறகு, "நாந்தான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும். பெரியக்காவே எடுத்தாவன்னதும் மனசு விட்டுப்போச்சு. அவ்வளவு பெரிய மனுஷியே எடுத்திருக்கா, நான் என்ன ஒசத்தின்னு நெனைச்சேன்" என்றாள். கண்டக்டர் விசில் ஊதினான். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. வைத்த கைநாட்டை அழிக்கவா முடியும், சொல்லி அவளை இன்னும் நோகடிப்பானேன் என்று நினைத்தேன். அது கருணை என்று அப்போது தோன்றியது. இப்போது அதற்கு வேறு பெயர்தான் வைப்பேன்.

சென்ற மாதம் உன் கடிதம் வந்தது. உன் அம்மாவின் கதையைக் கட்சிப் பத்திரிகையில் போடப்போவதாகவும், அவள் மனமுவந்து தட்டை எடுத்ததை அவளே சொல்வதுபோல எழுதி அனுப்பியிருப்பதாகவும், கீழே கைநாட்டு வாங்கி அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். அதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல் கேட்டாள். "என்னை நல்லா எழுதியிருக்கான்" என்றாள். பிறகு, "இவ யாருட்டி?" என்றாள். "யாரு அக்கா?" என்றேன். "இந்தத் தாள்ல இருக்கவ" என்றாள்.

அன்று மதியம் உன் அம்மா மையை எடுத்து வரச் சொல்லவில்லை. சோற்றை வடித்துவிட்டு, "அவன் கேட்டா, என்னைக் கேக்காம எம் மனசை எழுதக் கூடாதுன்னு சொல்லு. அது சரி, எல்லாத்தையும் ஒழுங்கா எழுதுதவ நீதானே, நீயே எழுது" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். பதினைந்து வருஷம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம். அந்தக் கலியாணக் காலையைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. "கேட்டுட்டுமா கழுத்தை நீட்டினே?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. எனக்கும் போக இடம் இருக்கவில்லை என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை என்று எனக்குத் தெரியும்.

உனக்குப் பெண் பார்க்கிறார்கள். இளையரசனேந்தலில் உன் தாய்மாமன் மகள்தான் உரிமை என்று உன் அப்பா தொடங்கிவிட்டார். நீ படித்தவன், அந்தப் பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பாய். கேட்பதற்கு முன் இதைச் செய். மாட்டேன் என்று சொன்னால் அவளை யார் அடிப்பார்கள், யார் பேசாமல் இருப்பார்கள், அன்றிரவு அவளுக்குச் சோறு போடுவார்களா என்று விசாரி. அதற்கெல்லாம் முதலில் நீ வழி செய்துவிட்டு, பிறகு கேள். மேடையிலும் அப்படியே. ஒருத்திக்கு உரிமை இருக்கிறது என்று சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம், அவள் எதிரில் இருப்பவன் செய்வது நியாயமா என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல். கைதட்டல் குறையும். முன்வரிசையில் சில நாற்காலிகள் காலியாகும். வேலைகூடப் போகலாம். போனால் வீட்டுக்கு வா. சோற்றுக்குப் பஞ்சம் இல்லை, ஊட்டிவிட இரண்டு பேர் இருக்கிறோம்.

உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி என்மேல் இருக்கவேண்டியது. அதைப் பிரித்து எழுத முயன்றேன், வரவில்லை. இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்.

நீ அனுப்பிய தாளைத் தனியாகத் தபாலில் திருப்பிவிட்டேன். அதில் கைநாட்டு இல்லை. சட்டம் வந்துவிட்டது, அதற்கு முன்னால் நடந்த கலியாணத்தை அது தொடாதாம். போன செவ்வாய்க்கிழமை உன் அம்மா தனியாகப் பஸ் ஏறி ராயகிரிக்குப் போய்க் கோமதியிடம் அந்தத் தட்டின் கதையைச் சொல்லிவிட்டு வந்தாள். கோமதி முழுவதும் கேட்டுவிட்டு, காப்பி போட்டுக் கொடுத்தாளாம். மண்டி வீட்டில் பெரிய பெண் வந்தவளைச் சித்தி என்று கூப்பிடுகிறாள். சின்னவளுக்கு ஆறு வயது. அவள் இன்னும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.